கிளட்ச் தொடாம 6-ல இருந்து 5: ஒருவழியா விழுந்துருச்சு

ஈட்டன் ஃபுல்லர் 10 ஸ்பீடு டிரக் கியர்பாக்ஸ்ல கியர் ஏத்துறது எல்லாம் முன்னாடியே கைக்கு வந்துருச்சு, இன்ஜின் 1500 ஆர்பிஎம்-ல ஆக்சிலேட்டர லேசா விட்டு கியர் ராட நியூட்ரலுக்கு எடுத்து ஆர்பிஎம் ஊசி 1100-க்கு எறங்குறப்ப அடுத்தது, அவ்ளோதான். எறக்குறதுலயும் 10-ல இருந்து 6 வரைக்கும் பிரச்சனை இல்ல. பாடாப் படுத்துனது 6-ல இருந்து 5 தான். இந்த வாரம் மில்டன் பக்கம் லோடோட ஒரு உரசல் சத்தம் கூட இல்லாம விழுந்துச்சு, அதுக்கப்புறம் சிக்னலுக்கு சிக்னல் விழுது!

வண்டி பீட்டர்பில்ட் 379 டிரக், ஸ்கார்பரோல இருக்குற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தரோடது. எனக்கு வேலைல குடுத்துருக்கது ஆட்டோமேட்டிக், கிளட்ச் பெடலே கிடையாது, அதனால சனிக்கிழமை அவரோட லோடுக்கு கூடப் போயி ஆசை தீர ஓட்டுறேன். 2022 ஜூலைக்கு அப்புறம் ஒண்டாரியோல கிளாஸ் A பெரிய டிரக் லைசன்ஸுக்கு ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் குடுத்தவங்க மேனுவல் டிரக்க தொட முடியாது, என்னோடது மேனுவல்லயே எடுத்த லைசன்ஸ், அத வீணாக்க மனசு வரல.

சரி, 6-5. இந்த பாக்ஸ்ல ராடுக்கு அஞ்சு இடம்தான், 1-5 லோ ரேஞ்ச், 6-10 ஹை ரேஞ்ச், ரெண்டுக்கும் நடுவுல மாத்துறது ராடுல இருக்குற நாப். அந்த ரேஞ்ச் நாப கீழ தள்ளணும், ராடு இடது கீழ இருந்து வலது கீழ வரைக்கும் போகணும், இன்ஜின 1000-ல இருந்து 1400-க்கு ஏத்தணும், வண்டி வேகம் 20 சொச்சம் கிலோமீட்டர்தான் இருக்கும், அதுவும் குறைஞ்சுகிட்டே வரும். எல்லாத்தையும் சீக்கிரம் முடிக்கணும்னுதான் கை பரபரக்கும். ஆனா இந்த ஒரு இடத்துல மட்டும், நியூட்ரல்ல, ஒரு நொடி பொறுக்கணும். முன்னாடி இருக்குற மெயின் பாக்ஸ்ல சிங்க்ரோ (வேகத்த தானா ஒத்துப்போக வைக்கிற வளையம்) கிடையாது, பின்னாடி ரேஞ்ச்ல உண்டு. 6-ல இருக்கப்பவே நாப தள்ளி வச்சாலும் ராடு நியூட்ரலுக்கு வந்தாதான் காத்து போயி ரேஞ்ச் லோவுக்கு மாறும். மாறுனா உள்ள மெயின் ஷாஃப்ட் நாலஞ்சு மடங்கு வேகமா சுத்தும், அதுக்கப்புறம்தான் 1400-ங்கிற கணக்கே செல்லும். அது முடியுறதுக்குள்ள ராட திணிச்சா இன்ஜின் மொத்தத்தையும் அந்த சின்ன சிங்க்ரோ இழுக்க வேண்டி வருது, தேயாம என்ன பண்ணும்? நியூட்ரலுக்கு வந்தப்புறம் நாப தள்ளுறதும் அதே கேடுதான்.

அண்ணை சொன்னது இவ்ளோதான்: "தம்பி, காத்துச் சத்தம் கேட்டாப் பிறகு கால வையும். ராட தள்ளாதையும், அது தானாப் போகும்." அப்படியேதான் இருக்கு. நியூட்ரல், சீட்டுக்கு அடியில ஒரு சின்ன 'புஸ்', அப்புறம் ஆக்சிலேட்டர்ல 1450 வரைக்கும் ஒரு மிதி, ஊசி திரும்ப எறங்கி வர்றப்ப ரெண்டு விரல் அழுத்தம். ஏறுற ஊசில பிடிக்கிறத விட எறங்குற ஊசில பிடிச்சா மெத்துனு போகுது. ராடுல கிர்ருனு ஒரு அதிர்வு வரும் பாருங்க, வேகம் ஒத்து வர்ற நொடில அது அப்படியே லேசாயிடும், அந்த நொடில விரல் சொன்னபடி கேக்கும்.

இன்னொன்னு, இந்த வண்டில ரேஞ்ச் மாறவே ரொம்ப நேரம் எடுத்துச்சு. நாபுக்கு வர்ற காத்து ட்யூப் வெறைச்சு ஒரு முனையில கசிஞ்சுகிட்டு இருந்துருக்கு. மிசிசாகால பழைய பார்ட்ஸ் கடைல நாபும் ட்யூபும் சேத்து வாங்கி மாத்துனோம். கழட்டுறப்ப எந்த ட்யூப் எங்கன்னு டேப் ஒட்டி வச்சுக்குங்க, மாத்திப் போட்டா ஹை ரேஞ்ச்ல நாப் வழியா காத்து நிக்காம போயிட்டே இருக்கும்.

இப்படி கிளட்ச் இல்லாம மாத்துறதுக்கு ஃப்ளோட்னு பேரு, ஃப்ளோட் பண்ணா பாக்ஸ் போயிடும்னு சொல்றவங்க மேல எனக்கு கோவமே வருது. ஸ்கூல்ல டபுள் கிளட்ச் (ஒரு கியருக்கு ரெண்டு தடவ கிளட்ச் மிதிக்கிறது) சொல்லித்தராங்க, டெஸ்ட்டுக்கு அது வேணும், கத்துக்கதான் செய்யணும். ஆனா ஒத்து வர்ற வேகத்துல போட்டா பல்லுக்கு என்ன கேடு? பாக்ஸ சாகடிக்கிறது அவசரம்தான், கிளட்ச் மிதிச்சுகிட்டே அரைக்கிறவங்களயும் பாத்துருக்கேன். ஓடுறப்ப பெடல அடி வரைக்கும் மிதிச்சு, வண்டி நிக்கிறப்ப மட்டும் வேணுங்கிற கிளட்ச் பிரேக்க தேய்க்கிறவங்க வேற.

இனி மேட்டு ஏத்தம். மில்டன் தாண்டி 401 ஹைவே நயாகரா எஸ்கார்ப்மென்ட்ங்கிற மேட்டுல ஏறுற இடத்துல லோடோட கியர் எறக்குறது இன்னும் படியல. ரேஞ்ச் மாறுற நேரத்துக்குள்ள வண்டி தொய்ஞ்சுடுது, 1400 வரைக்கும் போனா அதிகம், 1250 பக்கமே பிடிக்கணும் போல. அதுக்குள்ள அண்ணை 13 ஸ்பீடு போட்ட கென்வொர்த் ஒண்ணு பாத்து வச்சுருக்காரு, ஒரு கியர ரெண்டாப் பிரிக்கிற அந்த ஸ்ப்ளிட்டர் பட்டன் எப்ப கைக்கு வரும்னு இருக்கு.