சுவருக்கு அந்தப் பக்கம் ராம்போ

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். இங்கே பல வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பின்கட்டில் இடுப்பளவுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் துணி காயப்போடும் கம்பம். அந்தக் கம்பத்தில்தான் பக்கத்து வீட்டு நாய் ராம்போவைக் கட்டியிருந்தார்கள்.

பிப்ரவரி வெயில் இங்கே புழுக்கத்தோடு வரும். ராம்போ கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, மதியத்துக்குள் சங்கிலி ஒரு முழமாகிவிடும். சங்கிலி இழுபட்டுத் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தால், சாயங்காலம் வரை நிமிர்த்தி வைக்க ஆள் இருக்காது. ஒருநாள் சுவரோரம் நின்று பார்த்தேன். இரண்டு காது நுனியிலும் ஈ கடித்துக் கறுப்பாகப் பொருக்கு. கழுத்துப் பட்டைக்கு அடியில் முடியே இல்லை. தோல் சிவந்து நீர் கசிந்தது.

நேரே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டேன். "இப்படி வளர்க்கிறதுக்கு நாய் எதுக்கு, அங்கிள்?" அவர் பதில் பேசாமல் கேட்டைச் சாத்தினார். அப்புறம் தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். எல்லாரும் திட்டித் தீர்த்தார்கள், ஆனால் ஒருவர்கூட ஒரு வாளி தண்ணீரோடு போகவில்லை. மறுநாள் ராம்போவை எங்கள் கண்ணில் படாதபடி முன்பக்கக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். பத்து நாள் அங்கேதான் கிடந்தது. நான் ஆத்திரப்பட்டதற்கு அந்த வாயில்லாப் பிராணி அனுபவித்தது. தயவுசெய்து யாரும் இப்படிப் படம் போடாதீர்கள்.

சட்டத்தைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். இந்த நாட்டில் 1962-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாயைக் கட்டிப்போடுவதே குற்றம் என்று அது சொல்லவில்லை. தேவையில்லாமல் வதைபடும்படி கட்டுவதும், தீனி தண்ணீர் கொடுக்காமல் விடுவதும்தான் குற்றம். அதனால் "பாவமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் போதாது. ராம்போ பழைய கம்பத்துக்கு வந்ததும் இரண்டு வாரம் நோட்டில் எழுதினேன்: என்ன தேதி, எத்தனை மணிக்குச் சட்டி காலி, எத்தனை மணி நேரம் வெயிலில், புண் எப்படி இருக்கிறது. படங்களை எங்கள் வளவில் நின்றே எடுத்தேன். ராத்திரியில் சங்கிலியை அவிழ்த்துவிடலாமா என்று மனம் துடித்தது. ஆனால் அவிழ்த்த நாய் ரோட்டுக்குத்தான் ஓடும்.

முதலில் கூப்பிட்ட அலுவலகத்தில் மூன்று பேரிடம் மாற்றிவிட்டுக் கடைசியில் லைனைத் துண்டித்தார்கள். அப்புறம் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ-வுக்குப் போன் செய்தேன். பெயரை வெளியே சொல்ல மாட்டோம் என்றார்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தமுறை பேசும்போது அதுதான் பிடி.

நான்காம் நாள் எஸ்பிசிஏ இன்ஸ்பெக்டர் வந்தார். சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். சண்டை போடவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, பட்டையைத் தளர்த்தி, டார்ச் அடித்து அந்தப் புண்ணை அங்கிளுக்கே காட்டினார். எச்சரிக்கைத் தாள் கொடுத்தார்: புண்ணுக்கு மருத்துவம், நிழலுக்குக் கூண்டு, கவிழாத சட்டி, சங்கிலி ஓடுகிற மாதிரி உயரத்தில் ஒரு கம்பி. கெடு இரண்டு வாரம். கெடு முடிந்தபோது புண்ணுக்கு மருந்து போட்டிருந்தார்கள். கூண்டும் இல்லை, கம்பியும் இல்லை. புகார் எண்ணைச் சொல்லி மறுபடி போன் செய்தேன்.

அதற்குள் இன்னொரு வழியும் திறந்தது. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வெறிநோய் இன்னும் ஓயவில்லை. நாய்க்குத் தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம், அரசுக் கால்நடை மருத்துவர்கள் இலவசமாகவே போடுகிறார்கள். பக்கத்து ஹாலில் முகாம் என்று தெரிந்ததும் அங்கிளின் அம்மாவிடம் போனேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"ஆயா, ராம்போவுக்கு ஊசி போட நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"கூட்டிட்டுப் போ மா. அது பேரன் நாய். அவன் ஜோபர்க் போயிட்டான். இவனுக்கு ராத்திரி ஷிப்ட், பகல்ல தூங்குறான். யார் பாக்கிறது?"

ஆக, அந்த வீட்டில் ராம்போவை 'என் நாய்' என்று சொல்ல ஆளே இல்லை. இதை முதல் நாளே ஆயாவிடம் கேட்டிருக்கலாம். அதற்காகப் புகார் கொடுத்தது தப்பு என்று நினைக்கவில்லை. அந்தத் தாள் இல்லாமல் மருந்து வந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறை வந்துபோன வாரக் கடைசியில் அங்கிளே டிரில் எடுத்துக் கம்பி கட்டினார். தண்ணீருக்கு நான் பொறுப்பு. சுவருக்கு மேலே கையை நீட்டினால் சட்டி எட்டும். கருத்தடை இன்னும் செய்யவில்லை. பகலில் இன்னும் சங்கிலிதான்.

தீபாவளி அன்று இருட்டியதும் அங்கிள் கதவைத் தட்டினார், கையில் ராம்போ. "எங்க பக்கம் பசங்க பட்டாசு வெடிக்கிறாங்க. இவன் உங்க கிச்சன்ல இருக்கலாமா?" பதினொரு மணி வரை பிரிட்ஜோடு ஒட்டிப் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தான். கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். பட்டை இருந்த இடத்தில் முடி முளைத்திருந்தது.