வரவு செலவு தெரிந்த புத்தகங்கள்

கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவள் நான். அதனாலோ என்னவோ, எந்தக் கதையைப் படித்தாலும் 'இவன் எதை வைத்துச் சாப்பிடுகிறான்?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கதாநாயகன் பக்கம் பக்கமாக ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்கு வாடகை யார் கட்டுகிறார்கள் என்று மனசு போய்விடும். இலக்கிய ரசனை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் கடந்த சில மாதங்களாகப் படித்தவற்றில் எனக்குப் பிடித்த எல்லாமே காசைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிற புத்தகங்களாக அமைந்துவிட்டன.

முதலில் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. எல்லோரும் 'புயலிலே ஒரு தோணி'யைத்தான் தூக்கி வைத்துப் பேசுவார்கள். நியாயம்தான், அது பெரிய நாவல். ஆனாலும் என் வோட்டு இந்தச் சின்ன நாவலுக்குத்தான். எழுதிப் பல வருடம் கிடந்து, கலைமகள் போட்டியில் பரிசு வாங்கிய பிறகு 1959-இல் நூலாக வந்தது. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். பதினெட்டு வயசில் கப்பலேறி, சுமத்ராவில் மைடான் நகரத்து வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அது எழுத்தில் தெரிகிறது. பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்று கடைக்குள் யார் எங்கே உட்காருவார்கள் என்ற ஒழுங்கு முழுக்க அவர் கைக்குள் இருக்கிறது.

கதை ரொம்ப எளிமையானது. பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளை என்ற வட்டிக்கடைக்காரர். கடையில் வேலை பார்க்கும் செல்லையாவுக்கும் பிள்ளையின் மகள் மரகதத்துக்கும் கல்யாணம் என்று ஏறக்குறைய முடிவாகியிருக்கிறது. நடுவில் ஜப்பான்காரன் வருகிறான். செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கிவிட்டுத் திரும்பி வருகிறான். பிள்ளை பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார். ஏன்? செல்லையா கெட்டவன் என்பதால் இல்லை. அவனுடைய நாணயத்தில் பிள்ளைக்குத் துளி சந்தேகம் கிடையாது. பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வட்டித் தொழிலுக்கு ஆக மாட்டான், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிள்ளையை வில்லனாக்குவது சுலபம். சிங்காரம் அதைச் செய்யவில்லை. கடன் கொடுத்து வசூலிக்கிற தொழிலில் எத்தனை பேச்சு வாங்கினாலும் முகம் மாறாமல் இருக்க வேண்டும். வாசலில் கத்துகிறவனிடமும் "சரிங்க, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். செத்துப் பிழைத்து வந்த ஒருவனுக்கு இனி அந்தப் பணிவு வராது. அதைப் பிள்ளை சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறார். அவர் கணக்கு தப்பில்லை என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது. தொழில் தெரிந்த நாகலிங்கத்தை மாப்பிள்ளையாக்குகிறார். மரகதத்திடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாவலின் குறை என்று பார்த்தால் இதுதான்: அவள் அழுகிறாள், அதற்கு மேல் அவளுக்கென்று ஆசிரியர் பெரிதாக ஒன்றும் வைக்கவில்லை.

இதைப் படித்த வாரத்தில்தான் சங்கத்துக்கு ஒரு பாட்டி தோட்டைக் கொண்டுவந்தார். எங்கள் மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்து, எடை போட்டு, கல் எடையைக் கழித்து ஒரு தொகை சொன்னார். "கல்லுக்கு ஒண்ணுமே கிடையாதாம்மா?" என்று பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார். கிடையாது பாட்டி என்றேன், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல். வயிரமுத்துப் பிள்ளை என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பார்.

போர்க்காலத்தில் மலாயாவில் ஜப்பானியர் அடித்துவிட்ட பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருக்கும். அந்தப் பணத்தை வைத்துப் பழைய கடனையெல்லாம் பலர் அடைத்தார்கள். சண்டை முடிந்ததும் அது வெறும் காகிதம். கடன் கொடுத்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு படித்தால் பிள்ளையின் பிடிவாதம் இன்னும் கொஞ்சம் புரியும். சிங்காரம் 1946-இல் ஊர் திரும்பி, மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்து, ஒய்.எம்.சி.ஏ. அறையொன்றில் தனியாளாகவே காலத்தை ஓட்டினார். 1997-இல் இறக்கும் முன் சேமிப்பை ஏழைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுத்துவிட்டார்.

அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' இரண்டாம் முறை படித்தேன். சினிமாக் கதை என்றதும் நட்சத்திரங்களை எதிர்பார்க்காதீர்கள். விடியுமுன் வண்டி பிடித்து, ஆட்களைக் கூட்டி, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து ஓடுகிற புரொடக்ஷன் மேனேஜர் நடராஜன்தான் என் ஆள். ரெட்டியாரின் படம் நின்றுபோனதும் எல்லோரும் திசைக்கொருவராகச் சிதறுகிறார்கள். ஒரு தயாரிப்பாளரின் கையில் பணம் வற்றினால் எத்தனை வீட்டில் உலை கொதிக்காது என்பதை ஒரு இடத்தில்கூடக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார் அசோகமித்திரன். அவருடைய உரையாடல்களில் பாதி, ஆள் எங்கே, வண்டி எங்கே, பணம் எப்போது என்பதுதான்!

அப்புறம் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா'. தலைப்பிலேயே தொகையைப் போட்ட புத்தகத்தை நான் எப்படி விடுவேன்? மெலிந்த புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வ.உ.சி. சிறையிலிருந்து 1912 கடைசியில் வெளியே வருகிறார். வக்கீல் சன்னது பறிபோய்விட்டது, கையில் காசில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியின் வசம் இருக்கிறது. 1915 ஏப்ரலில் காந்தி சென்னை வந்தபோது தொடங்குகிறது கடிதப் போக்குவரத்து.

சில நிமிடங்கள் பேச விடியற்காலையில் வரச் சொல்கிறார் காந்தி. டிராம் வண்டியை நம்பித்தான் நான் இப்போது நடமாடுகிறேன், அந்த நேரத்துக்குள் வந்து சேர முடியாது, தவிர நம் பேச்சு சில நிமிடங்களில் முடியாது என்கிற மாதிரி பதில் எழுதுகிறார் வ.உ.சி. நான் அசந்துபோனது இங்கேதான். 1906-இல் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு இருபத்தைந்து ரூபாய் என்று சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், டிராம் எப்போது வரும் என்று பார்த்து நேரம் குறிக்கிறார். கம்பீரம் மட்டும் குறையவில்லை. பணம் வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டவும் இல்லை. இன்றைய நிலைமையில் மறுத்தால் என் குடும்பத்துக்குச் செய்கிற தப்பு அது என்று நேராகவே சொல்லிவிடுகிறார். எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்களில் இப்படி நேராகக் கேட்கிறவர்கள் குறைவு. பாதிப் பேர் யாருக்கோ உதவி செய்ய வந்த மாதிரிதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

யார் கொடுத்தது, எவ்வளவு, எங்கே கணக்கு என்று விசாரித்து, 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்துவிடுகிறது. காந்தி அந்தப் பணத்தை அமுக்கிவிட்டார் என்று இங்கே ரொம்ப காலமாக ஒரு பேச்சு ஓடியது. கடிதங்களை வரிசையாக அடுக்கி அதை முடித்துவைக்கிறார் சலபதி. வரலாற்றாசிரியர் தணிக்கை அதிகாரியாக மாறிச் செய்த வேலை. அணா வரைக்கும் டேலி ஆகிறது.

உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தை ஒழுங்காக முதலிலிருந்து படிப்பதை விட்டுவிட்டேன். படுக்கும் முன் எங்கேயாவது திறந்து ரெண்டு அத்தியாயம். 1871-இல் மாயூரத்தில் மகனைத் தமிழ் படிக்க மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்க்க அப்பா அழைத்துப்போகிற இடத்தில், தமிழுக்கு முன்னால் பையனின் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற பேச்சு வருகிறது. அதைத் தீர்த்த பிறகுதான் நைடதம் என்ற காவியப் பாடமெல்லாம். 1880-இல் எங்கள் கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த பிறகு வருகிற பக்கங்களில் ஒரு நிம்மதி தெரியும். 1887-இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி அச்சில் வருவதற்கு முன் முன்பணம் தருகிறவர்களிடம் கையொப்பம் வாங்கி அலைந்த கதையும் அதில் இருக்கிறது. சுவடி தேடி அலைந்ததைப் பாடப் புத்தகத்தில் போட்டார்கள், காகிதக் கடைக்கும் அச்சுக்கூடத்துக்கும் காசு தேடியதைப் போடவில்லை.

கடைசியாக 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் இரா. முருகவேள். 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி கொடுக்கிற முன்பணத்தை நம்பி மலையேறுகிற கருப்பனும் வள்ளியும் இறங்கி வர முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கிற பகுதியை மட்டும் தனியாக இரண்டு தடவை படித்தேன். கம்பளிக்கு, அரிசிக்கு, கங்காணிக்கு என்று கழித்துக் கழித்து, ஆண்டு முழுக்க உழைத்தவன் பாக்கிக்காரனாகவே எழுந்து போகிறான். நாவலாகப் பார்த்தால் நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள், கெட்டவர்கள் ரொம்பக் கெட்டவர்கள். வயிரமுத்துப் பிள்ளையைப் படித்துவிட்டு வந்த கையோடு படித்ததால் அது கூடுதலாக உறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்குப் பேரேட்டை டேனியல் நேரில் பார்த்திருக்கிறார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். கற்பனையில் யாருக்கும் இத்தனை சில்லறைப் பிடித்தம் தோன்றாது.