தவிலின் தொப்பி தெளிவாகக் கேட்க: கிளிநொச்சியில் ஒரு மடிக்கணினியை ஒழுங்குபடுத்தியது

நாதஸ்வரக் கச்சேரி சீடிகளைத் தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்புகளாக மாற்றி, விண்டோஸ் 11 மடிக்கணினியில் இருந்து யூ.எஸ்.பி. டாக் (DAC, டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கான மின் அலையாக மாற்றும் கருவி) வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுத்தோம். நல்ல டாக் வாங்கிப் பூட்டியும் சத்தம் மாறவில்லை என்று சொல்பவர்கள் பலர். பெரும்பாலும் டாக்கில் குறை இருக்காது. விண்டோஸில் கை வைக்காமல் விட்டிருப்பார்கள்.

சீடியில் ஒலியை வினாடிக்கு 44,100 தரம் அளந்து மாதிரிகளாகப் பதிந்திருப்பார்கள்; ஒவ்வொரு மாதிரியின் நுணுக்கம் 16 பிட். விண்டோஸ் பொதுவாக 48,000இல் நிற்கும். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கும் அதன் மிக்சர், எந்தப் பாட்டையும் அந்த அளவுக்கு மாற்றித்தான் வெளியே விடும். செற்றிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், அடியில் இருக்கும் 'மோர் சவுண்ட் செற்றிங்ஸ்' ஐத் திறக்க வேண்டும். டாக்கின் பெயரை இரண்டு தரம் கிளிக் பண்ணி, 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 24 பிட், 44100 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். 16 பிட் பாட்டுக்கு ஏன் 24? மென்பொருளில் வொலியூமைக் குறைக்கும்போது கீழ்ப்பக்கத்து நுணுக்கங்கள் வெட்டுப்படாமல் இருக்கத்தான். அங்கே 'எக்ஸ்குளூசிவ் மோட்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பெட்டிகள் இரண்டிலும் சரி அடையாளம் இருக்கட்டும்.

அடுத்தது 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்'. கட்டாயம் நிறுத்த வேண்டியது இதைத்தான். 'லவுட்னஸ் ஈக்குவலைசேஷன்' போட்டிருந்தால் தவிலின் ஓங்கிய அடி அமுங்கிப்போகும். அடி முடிந்த கையோடு பின்னால் நிற்கும் சுருதி மெல்ல மெல்ல மேலே எழும்பி வரும். தனி ஆவர்த்தனத்தில் சுருதியை மட்டும் கவனித்துக் கேளுங்கள், உடனே பிடிபடும். டாக்கின் பெட்டியை மூடி, முதலில் திறந்த 'மோர் சவுண்ட் செற்றிங்ஸ்' பெட்டியின் 'கொம்யூனிகேஷன்ஸ்' பகுதியில் 'டூ நத்திங்' தெரிவு செய்தால், வட்ஸ்அப் கோல் வரும்போது பாட்டின் சத்தம் குறையாது.

பாட்டுப் போட ஃபூபார்2000 என்ற மென்பொருள் போதும். ப்ரிபரன்சஸ், பிளேபேக், அவுட்புட் என்று போய், டாக்கின் பெயரோடு 'எக்ஸ்குளூசிவ்' என்று இருப்பதைத் தெரிவு செய்தால் மிக்சரே வழியில் இராது. டாக்கில் அளவைக் காட்டும் விளக்கு இருந்தால், வினாடிக்கு 96,000 மாதிரிகள் உள்ள கோப்பு ஒன்றைப் போட்டதும் அது மாற வேண்டும். மாறாவிட்டால் இன்னும் மிக்சர் வழியாகத்தான் போகிறது. பாட்டு ஓடும்போது பிரவுசரில் சத்தம் வராது, அது பழுதல்ல. அளவு மாறும் இடத்தில் சில டாக்குகள் பாட்டின் முதல் அரை வினாடியை விழுங்கும். மென்பொருள் வொலியூமை முழுதாக வைத்து, ஸ்பீக்கரில் கூட்டிக் குறையுங்கள்.

இடையிடையே 'டிக்' என்று வெட்டினால் முதலில் வைஃபையை நிறுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் வைஃபை டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். நிற்காவிட்டால் பவர் ஒப்ஷன்ஸில் 'யூ.எஸ்.பி. செலெக்டிவ் சஸ்பென்ட்' ஐ நிறுத்தி, ஃபூபாரின் பஃபர் (பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) நீளத்தையும் கூட்டுங்கள்.

வன்னியில் அதிகம் மினக்கெடுத்துவது இரைச்சல். 'ம்ம்' என்று அடியில் நிற்கும் சத்தத்துக்குச் சாஜரைக் கழற்றி, பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். நின்றால் கோளாறு கரண்ட் பக்கம்: சாஜரும் ஸ்பீக்கரும் வேறு வேறு பிளக்கில் இருந்து, எர்த் கம்பிகள் வழியாக ஒரு சுற்று (கிரவுண்ட் லூப்) உருவாகியிருக்கலாம். இரண்டையும் ஒரே மல்டிபிளக்கில் போட்டால் பெரும்பாலும் அடங்கும். சோளகக் காலத்தில் நிலம் காய்ந்து வெடிக்கும்போது எர்த் கம்பியின் பிடிப்பும் குறையும். மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு அதை அளந்து பார்க்கவேண்டும். இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் எர்த் பின்னை முறிப்பது உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது. சோலார் வீடுகளில் மலிவு இன்வேர்ட்டர்கள் சீரான சைன் அலை தராததால் 'ர்ர்' என்ற கரகரப்பு வரும். அதற்கு விண்டோஸில் மருந்தில்லை. பற்றரியில் கேளுங்கள், அல்லது பியூர் சைன் இன்வேர்ட்டருக்கு மாறுங்கள்.

அந்த எர்த் சுற்றை வெட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றரைக் கடைசியாகவே வாங்குங்கள். மலிவானவற்றில் உள்ள சின்ன டிரான்ஸ்போமர் அடிச்சுருதியைத் தின்றுவிடும். பூட்டிய பிறகு, தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தைக் கேளுங்கள். குச்சி விழும் சத்தம் மட்டும் கேட்டு, அதன் கனம் காணாமல் போயிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.