இரண்டு கார்டு, ஆறு வாரம்: 'வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ' பழகிய கதை

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் பாடிய 'வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ'வை (உழைக்கும் வர்க்க நாயகன்) நானே கிட்டார் வாசித்துப் பாட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பீட்டில்ஸ் பிரிந்த அதே 1970-இல், டிசம்பர் மாதம் வந்த தனி ஆல்பத்தில் இருக்கும் பாட்டு. பீட்டில்ஸில் கூட வாசித்த ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் அந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளில் கேட்கும், ஆனால் இந்தப் பாட்டில் கிடையாது. ஒரு மனிதர், ஒரு அகௌஸ்டிக் கிட்டார், அவ்வளவுதான்.

வர்க்கத்தைப் பற்றிய ராக் பாட்டுகளில் எனக்கு இதுதான் முதலிடம். ஆலை, வேலைநிறுத்தம், கொடி எதுவும் இதில் வராது. பிறந்த குழந்தையை வீடு எப்படிச் சிறுமைப்படுத்துகிறது, பள்ளி எப்படி அடிக்கிறது, இருபது வருடம் பயமுறுத்தி வளர்த்துவிட்டுப் பிறகு எப்படி "ஒரு வேலையைத் தேடிக்கொள்" என்கிறார்கள் என்று ஒரு ஆளின் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது.

பெரும்பாலும் ஏ மைனர், ஜி என்று இரண்டே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து). பல்லவி முடியும் இடத்தில் மட்டும் ஒரு டி எட்டிப் பார்க்கும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வாரம் முழுக்க ஏ மைனரிலேயே போனது. காரணம் ஹேமர் ஆன். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் கம்பியை விட்டு அசையாமல், நடுவிரல் மட்டும் எழும்ப வேண்டும். கட்டைவிரல் ஐந்தாவது கம்பியைத் தட்டியதும் நான்காவது கம்பியைத் திறந்த நிலையில் மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நடுவிரலை இரண்டாவது ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) இறக்க வேண்டும். மெதுவாக வைத்தால் சத்தம் செத்துவிடும். ஓங்கிக் குத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து முனகும். விரல் நுனியில் கோடு விழுந்த பிறகுதான் அந்தச் சின்ன 'டிங்' பிடிபட்டது.

அப்புறம் தாளம். மூன்று மூன்றாகப் போகிற பாட்டு. மனதுக்குள் 'தகிட தகிட' என்று ஓட்டிக்கொண்டேன், கை தானாக அமைந்தது. வாயைத் திறந்ததும் கை தடுமாறும், அதனால் இரண்டு வாரம் வார்த்தைகளைப் பாடாமல் பேச்சாகவே சொல்லி வாசித்தேன்.

நான்காவது வாரம் போனில் பதிவு செய்து அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டான்.

"ஏன்டா இப்படிக் கத்துற? அந்தாளு கத்தவே இல்லையே."

திரும்ப ஹெட்போனில் கேட்டேன். உண்மைதான். கெட்ட வார்த்தை வருகிற வரியைக்கூட லெனன் அரிசி விலை சொல்கிற குரலில்தான் பாடுகிறார். ஆல்பத்தோடு வந்த பாடல் தாளில் அந்த வார்த்தையை அச்சிடாமல் மறைத்துவிட்டார்கள், அவ்வளவு பயந்தார்கள். அவர் குரல் மட்டும் ஏறவே இல்லை. ஒன்றரை நிமிடம் நெருங்கும்போது கிட்டாரின் ஒலியும் குரலின் தன்மையும் சட்டென்று மாறும், கவனித்துப் பாருங்கள். வேறொரு டேக்கில், அதாவது வேறொரு முறை பதிவு செய்தபோது, பாடிய சரணத்தை அங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு வெளியே தெரிகிறது. ஆனால் அந்தச் சலிப்பான நடை ஒட்டுக்கு முன்னும் பின்னும் ஒன்றேதான்.

அந்த நடையில்தான் பாட்டின் கோபம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு கார்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது, வெளியே போக வழியில்லை. நான் குரலை உயர்த்தியதும் வழி கிடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அங்கேதான் பாட்டு கெடுகிறது.

லெனன் உழைக்கும் வர்க்கமே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. லிவர்பூலில் மிமி சித்தி... இல்லை, மிமி அவருக்குப் பெரியம்மா முறை, தாயின் மூத்த சகோதரி. லெனன் வளர்ந்த, மிமியின் மெண்டிப்ஸ் வீடு வசதியானதுதான். இன்னொரு பீட்டில் ஜார்ஜ் ஹாரிசன் பிறந்த ஆர்னால்ட் குரோவ் வீட்டில் கழிப்பறையே வெளியில்தான் இருந்தது. இருந்தாலும் கீழே இருப்பவனைப் பிடித்து நடுத்தர வர்க்கமாகத் தேய்த்து எடுக்கிற பள்ளியை உள்ளிருந்து பார்த்தவர் லெனன். பாட்டு பேசுவதும் அந்தத் தேய்ப்பைப் பற்றித்தான். அதனால் எனக்கு அவர் சொல்வது செல்லும்.

ஐந்து, ஆறாவது வாரங்களில் குரலைக் குறைப்பதை மட்டுமே பழகினேன். இப்போது முதல் மூன்று சரணம் நிற்காமல் வருகிறது. பல்லவியின் டி-யில் இருந்து ஏ மைனருக்குத் திரும்பும்போது மட்டும் மோதிர விரல் அரை மாத்திரை பிந்துகிறது. இன்று இரவு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் ஐம்பது தடவை வாசிக்கப் போகிறேன்.