காவல் அரணிலிருந்து கண்ட வெளிச்சம்: திருகோணமலையில் அதைச் சரிபார்க்கும் வழி

"நேற்றிரவு கடலுக்கு மேலே ஒரு வெளிச்சம் நின்றது. விமானமும் இல்லை, படகும் இல்லை." இப்படி ஒரு தகவல் வந்ததும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் கேள்வி, "அது என்ன?" அந்தக் கேள்வியோடு பாதிச் சாட்சியம் போய்விடும். அதுவரை கண்டவரிடம் இருந்தது கண்ணால் கண்டது மட்டும். கேட்டபிறகு அவர் ஒரு பதிலைத் தேடுகிறார். கிடைத்த பதிலுக்கு ஏற்றபடி கண்டதும் மாறிவிடுகிறது. இப்படியான தகவல்களைச் சரிபார்க்கும் நாங்கள் கேட்பது நான்குதான்: எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் பார்த்தீர்கள், எத்தனை மணி, எவ்வளவு நேரம்.

திருகோணமலையில் இது பொழுதுபோக்குக் காரியம் அல்ல. துறைமுகத்தில் கடற்படைத் தளம், சீனன்குடாவில் விமானப்படைத் தளம். 2008 ஓகஸ்ட் 26 இரவு புலிகளின் சிறு விமானம் வந்து கடற்படைத் தளத்தின் மேல் குண்டு போட்ட ஊர் இது. இரவுக் காவலில் நிற்பவர் வானத்து வெளிச்சத்தை அசட்டை செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. அவர்களுடைய தகவலில் பெரும்பாலும் நேரம் சரியாக இருக்கும், ஏனென்றால் காவல் மாறும் நேரம் தெரியும், மேலிடத்துக்கு அழைப்பு எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். தூரமும் உயரமும்தான் பிழைக்கும். இருட்டில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி வெளிச்சத்தின் தூரத்தை மனிதக் கண்ணால் அளக்க முடியாது. பயிற்சி பெற்ற கண்ணாலும் முடியாது. "இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், தென்னை உயரத்தில்" என்று சொன்னால் அதை அவர் வார்த்தையாகவே எழுதிக்கொள்ளுங்கள். கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு பேர் பார்த்திருந்தால் இருவரையும் தனித்தனியே இருத்திக் கேட்க வேண்டும். ஆளுக்கொரு தாள், முதலில் படம், பிறகு பேச்சு. ஒன்றாக இருத்திக் கேட்டால் பதவியில் மூத்தவர் சொல்வதே இருவருடைய சாட்சியமாகிவிடும். பெரும்பாலான காவலர்கள் சிங்களத்தில்தான் சொல்வார்கள். சிங்களத்திலேயே எழுத வைத்து அதைப் பத்திரப்படுத்துங்கள். மொழிபெயர்ப்பு தனித் தாளில். "ஏதோ வெளிச்சம்" என்று அவர் சொன்னது நம்முடைய தாளில் "பறக்கும் பொருள்" என்று ஏறிவிட்டால், அதற்குப் பிறகு எந்தச் சரிபார்ப்பும் உதவாது.

அடுத்தது திசையும் உயரமும். முகாமுக்குள் போக முடியாது. வேலியோரம் நின்று தொலைநோக்கியை நீட்டவே கூடாது. அவர் விடுமுறையில் வரும்போது அதே பக்கம் பார்க்கும் ஒரு பொதுக் கரையில் நின்று கேட்டால் போதும். கைபேசித் திசைகாட்டியை நம்பி ஏமாறும் இடம் இதுதான். இரும்புத் தூண், கம்பி வைத்த கொங்கிரீட், வாகனம், தோளில் தொங்கும் துப்பாக்கி, எல்லாமே ஊசியை இழுக்கும்; இருபது முப்பது பாகை பிசகும். அதைவிட, "எந்த மரத்துக்கு மேலே, எந்தக் கோபுரத்துக்கு வலப்பக்கம்" என்று கேட்டு, அந்தப் பொருளின் திசையை வரைபடத்தில் அளந்துகொள்வது நல்லது. உயரத்தைப் பாகையில் கேட்காதீர்கள்: 25 பாகையில் இருந்ததைப் பலர் 45 என்று சொல்வார்கள். கையை நேரே நீட்டி முட்டியை மூடச் சொல்லுங்கள். ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை, சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. உங்கள் முட்டியைச் சரிபார்க்க இந்த ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: துருவ நட்சத்திரம் இங்கே வட அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை, ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைவு.

"அசைந்தது" என்றால், எதற்குப் பக்கத்தில் அசைந்தது என்று கேளுங்கள். இருட்டில் தனி வெளிச்சத்தைச் சில விநாடி உற்றுப் பார்த்தாலே அது நகர்வதுபோல் தோன்றும். அது கண்ணின் இயல்பு. காவலருக்கும் விமானிக்கும் மீனவருக்கும் அதில் விலக்கில்லை. தூணின் விளிம்பையோ ஓலை நுனியையோ ஒட்டிப் பார்த்தபோதும் விலகியது என்றால்தான் அசைவு என்று எழுத வேண்டும்.

இனி எவ்வளவு நேரம் என்ற கேள்வி. அதன் பதிலே பாதி வேலையை முடித்துவிடும். ஐந்து விநாடிக்குள் முடிந்தால் எரிகல். அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மெதுவாகக் கிழிந்து சிதறிப் போனால், விழுந்து எரியும் ரொக்கெட் துண்டோ செய்மதியோ. ஆறு நிமிடம் வரை மின்னாமல் சீராகச் சென்று நடுவானில் அப்படியே மங்கினால் செய்மதி; பூமியின் நிழலுக்குள் புகுந்திருக்கிறது. சாதாரணக் கமரா ட்ரோனின் மின்கலம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றதென்றால் விண்மீன், கோள், படகு, வெளிச்சவீடு என்று இந்தப் பக்கம் தேட வேண்டும்.

இந்த முறையைப் பழக இங்கிலாந்தின் ரெண்டில்ஷம் காட்டு ஆவணங்களைவிட நல்ல பாடம் இல்லை. 1980 டிசெம்பர் 26 அதிகாலை 3 மணியளவில், அமெரிக்க விமானப்படையின் பாவனையிலிருந்த வுட்பிரிட்ஜ் தளத்தின் காவலர்கள் காட்டுக்குள் வெளிச்சம் இறங்குவதைக் கண்டார்கள். துணைத் தளபதி சார்ள்ஸ் ஹோல்ட் 28ஆம் திகதி அதிகாலை தானே காட்டுக்குப் போய் ஒலிப்பதிவு செய்தார். பிறகு அதைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். குறிப்பின் திகதி 1981 ஜனவரி 13. முதல் இரவுக்கும் அதற்கும் இடையில் 18 நாள். இரண்டு இரவுகளின் திகதியும் அதில் ஒவ்வொரு நாள் பிந்தியிருக்கிறது. நாள் ஒன்று பிசகினால் விண்மீன்கள் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கும், ஆனால் பொலிஸ் பதிவும் எரிகல் தகவலும் பொருந்தாமல் போய்விடும். 26ஆம் திகதி அதிகாலை, 3 மணிக்குச் சற்று முன், தென் இங்கிலாந்தின் மேல் ஒரு பெரிய எரிகல் காணப்பட்டது; திகதியைத் திருத்திய பிறகே காவலர்கள் கண்டதோடு அது சேர்கிறது.

குறிப்போடு சேர்த்துக் காவலர்களின் முதல் வாக்குமூலங்களையும் படிக்க வேண்டும். சுழலும் வெளிச்சம் ஒன்றைப் பின்தொடர்ந்து இரண்டு மைல் அளவு நடந்து, அது வெளிச்சவீடு என்று கண்டதாக அவர்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். மற்றொருவரும் தூரத்து வழிகாட்டி விளக்கு என்றே எழுதினார். அன்று அழைக்கப்பட்ட பொலிசாரும் ஓர்ஃபோர்ட்நெஸ் வெளிச்சவீட்டைத் தவிர வேறு வெளிச்சம் காணவில்லை. அந்த விளக்கு அப்போது 5 விநாடிக்கு ஒருமுறை மின்னியது. ஹோல்ட்டின் ஒலிப்பதிவைக் கடிகாரத்தோடு கேளுங்கள்: வெளிச்சம் மறுபடி தெரிவதாக அவர் சொல்லும் இடைவெளியும் ஐந்து விநாடியை ஒட்டியே வருகிறது. குறிப்பில் கதிர்வீச்சு 0.1 மில்லிரொன்ட்ஜன் என்று இருக்கிறது. மணித்தியாலத்துக்கா, மொத்தமா என்ற அலகு இல்லை. அலகில்லாத அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. தெற்கில் இரண்டு மூன்று மணித்தியாலம் நின்றதாகச் சொல்லப்பட்ட ஒளியை வானியல் எழுத்தாளர் இயன் ரிட்பத் சிரியஸ் விண்மீன் என்கிறார். தான் கண்டது வெளிச்சவீடு அல்ல என்று ஹோல்ட் உறுதியாகச் சொல்லிவருகிறார். அதையும் பதிவில் வைக்க வேண்டும். எங்களைப் பொறுத்தவரை, அன்று எழுதியதும் ஒலிப்பதிவில் இருப்பதும் முன்னிற்கும். பல வருடம் கழித்துச் சேர்ந்த விபரம் எவ்வளவு சுவையாக இருந்தாலும் பின்னுக்குத்தான்.

அதே கண்ணோடு நம்முடைய கடலுக்கு வருவோம்.

கிழக்குக் கடலைப் பார்த்து நிற்பவர் அதிகாலை 3 மணிக்கும் 3.40க்கும் இடையில் கண்டதாகச் சொன்னால் முதலில் ஸ்டார்லிங்க் இணையச் செய்மதிகளைச் சந்தேகியுங்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 40 பாகையளவில் இருக்கும்போது, அதே திசையில் தாழ்வாகச் செல்லும் இந்தச் செய்மதிகள் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அடிக்கும். இங்கே சூரிய உதயம் 6 மணியை ஒட்டி. 40 பாகை என்றால் அதற்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் முந்தி. ஒரு வெளிச்சம் பிரகாசமாகி சில விநாடிகளில் மங்கும், அதே இடத்தில் அடுத்தது தோன்றும். பார்ப்பவருக்கு ஒரே பொருள் சுற்றிச் சுற்றி வருவதுபோல் இருக்கும். உலகெங்கும் விமானிகளே இதைக் கண்டு அறிவித்திருக்கிறார்கள். மாலையில் மேற்கே, சூரியன் மறைந்து அதே அளவு நேரம் கழித்து, இதே காட்சி வரும். நள்ளிரவில் இது நடக்காது. 12 மணிக்கு என்றால் இந்த விளக்கத்தை ஒதுக்கிவிடுங்கள்.

டிசெம்பர் நடுப்பகுதியில் இரவு ஏழரை மணிக்கு, கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 17 பாகை தள்ளிக் கடலிலிருந்து எழும் வெளிச்சம் சிரியஸ். அடிவானத்துக் காற்றடுக்கில் அது சிவப்பு, பச்சை, நீலம் என்று துடிக்கும். கையில் பிடித்த தொலைநோக்கியில் வாலும் வளையமுமாகத் தெரியும். ஒரு மணித்தியாலம் கழித்து அது மேலே ஏறியதும் துடிப்பு அடங்கிவிடும். "முதலில் நிறம் மாறியது, பிறகு வெள்ளையானது, மெதுவாக உயர்ந்தது" என்ற வாக்குமூலத்துக்கு இதைவிட நல்ல பொருத்தம் கிடைக்காது.

வடக்கில் தோன்றிக் கிழக்கே வலப்பக்கமாகப் போனால் இந்தியாவின் ரொக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவைப் பாருங்கள். இங்கிருந்து சுமார் 580 கிலோமீட்டர், வடக்குக்குச் சற்று மேற்கே. பூமியின் வளைவு மறைப்பதால், ரொக்கெட் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உயரம் ஏறிய பிறகே நமக்குத் தெரியும். துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கையின் மேலே போக வேண்டிவரும். அதனால் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்பும். ஒரு கட்டம் பிரியும்போது வெளிச்சம் அணைந்து மறுபடி எரியும். அந்திக்குப் பிறகோ விடியலுக்கு முன்போ ஏவினால் புகை மேலே சூரிய ஒளி பட்டு இழுதுமீன்போல் விரியும். விமானிகளுக்கு முன்கூட்டியே விடும் நோட்டாம் அறிவித்தலில் நேரமும் கடற்பரப்பும் இருக்கும். அதிலுள்ள உலக நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு காவலர் கண்டார், மற்றவர் அதே திசையைப் பார்த்தும் காணவில்லை என்று வருவதுண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. கரையில் நிற்பவரின் கடல் அடிவானம் 5 கிலோமீட்டர்; 100 மீட்டர் உயரக் குன்றில் நிற்பவருக்கு 36. படகின் விளக்கு நீரிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் இரண்டோடும் 7 கூட்டுங்கள். 30 கிலோமீட்டர் தூரத்தில் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கும் படகு குன்றுக்குத் தெரியும், கரைக்குத் தெரியாது. இருவருமே கண்டிருந்தால் இன்னும் நல்லது. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் பத்துக் கிலோமீட்டரளவு. கிழக்கே நின்ற வெளிச்சத்தின் திசை இரண்டு இடத்திலிருந்தும் 10 பாகை வேறுபட்டால் அது 57 கிலோமீட்டர் தூரத்தில். வேறுபாடு 1 பாகைக்குள் அடங்கினால் 570க்கும் அப்பால், அதாவது கடலிலோ நம்முடைய காற்றிலோ இல்லை.

மின்னும் வெளிச்சமென்றால் முதல் மின்னலிலிருந்து பதினோராவது வரை நேரம் எடுத்துப் பத்தால் வகுத்து, கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் வெளிச்சவீடு, மிதவை விளக்குகளின் தாளத்தோடு ஒப்பிடுங்கள். வெசாக் நாளை ஒட்டிச் செம்மஞ்சளாக மிதந்தால் பறக்கவிட்ட காகித விளக்குக் கூடாக இருக்கலாம். மே முதல் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் அது கடல் பக்கம்தான் போகும். காற்றுக்கு எதிரே வந்ததென்றால் கூடு அல்ல.

கணினியில் பார்க்கும்போது ஒரு பிழையைப் பலர் செய்கிறார்கள். வானத்தைக் காட்டும் செயலியான ஸ்டெல்லேரியத்தில் விண்மீனும் கோளும் எந்தத் திகதிக்கும் சரியாக வரும், செய்மதி வராது. போன மாதத்து இரவுக்கு இன்றைய பாதைத் தரவைப் போட்டால் இல்லாத செய்மதியைக் காட்டும், இருந்ததை மறைக்கும். அந்த நாளை ஒட்டிய தரவு வேண்டும். விமானங்களைப் பின்னோக்கிக் காட்டும் தளங்களையும் அன்றே பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். இராணுவ விமானம் அவற்றில் தெரியாமல் போகலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய தகவலென்றால் கடிகாரத்தையே சந்தேகிக்க வேண்டும். 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது, 2006 ஏப்ரலில்தான் உலக நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் என்ற பழைய கணக்குக்குத் திரும்பியது. புலிகளின் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஆகவே அந்தப் பத்து வருடத்தில் நகரத்திலிருந்து ஒருவரும் குடாவுக்கு அப்பால் இன்னொருவரும் சொன்ன நேரம் அரை மணித்தியாலம் வேறுபட்டால், அது இரண்டு வெளிச்சமாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கடிகாரம் என்று தாளின் மேலேயே எழுதுங்கள்.

எல்லாம் பார்த்தும் பொருந்தவில்லை என்றால் கோப்பில் என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். திசையோ நேரமோ இல்லாத தகவலுக்கு "தரவு போதாது". நான்கும் சரியாக இருந்தும் எதுவும் பொருந்தாததற்கு மட்டும் "விளக்கம் கிடைக்கவில்லை". இரண்டையும் ஒரே கட்டுக்குள் போடுவதால்தான் பெட்டி நிறைந்து, உண்மையில் பார்க்க வேண்டிய ஒன்றிரண்டு அதற்குள் புதைந்துபோகின்றன.

கோப்பை மூடுமுன் ஒருமுறை அதே பக்கம் பார்க்கும் கரைக்குப் போங்கள். விண்மீன்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி எழும். ஏழு நாள் கழித்துப் போனால் 28 நிமிடம் முந்தியே போய் நில்லுங்கள், அவர் சொன்ன அதே மரத்துக்கு மேலே பாருங்கள்.