உடையுமா என்பதல்ல, அசையுமா என்பதே கேள்வி: செயற்கைக்கோள் கேமராக் கட்டமைப்புப் பணிக்கு நான் தயாரான விதம்

இயந்திரப் பொறியியல் முடித்த கையோடு, செயற்கைக்கோள் கேமராக்களின் தாங்கு கட்டமைப்பை வடிவமைக்கும் பணிக்கான நேர்காணலுக்குப் போனேன். தகைவுக் கணக்கில், அதாவது சுமையைப் பொருள் தாங்குமா உடையுமா என்று பார்க்கும் கணக்கில், எதைக் கேட்டாலும் சொல்லிவிடலாம் என்ற துணிவு முதல் கேள்வியிலேயே கரைந்தது. ஓர் ஆடியை அலுமினியத் தட்டில் மூன்று போல்ட் போட்டு இறுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். போல்ட் தாங்கும், ஆடி உடையாது என்று கணக்கோடு விளக்கினேன். "உடையாது, சரி. படம் தெளிவாக வருமா?" என்றார் எதிரே இருந்தவர். என்னிடம் பதில் இல்லை, வேலையும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நான் படித்தது பெரும்பாலும் மைக்ரோமீட்டர்களைப் பற்றித்தான். ஒரு மீட்டர் நீள அலுமினியக் குழாயின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 23 மைக்ரோமீட்டர் நீளும். இன்வார் என்ற நிக்கல்-இரும்பு உலோகக் கலவையோ ஒரு மைக்ரோமீட்டரைச் சற்றே தாண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே அரை மைக்ரோமீட்டர்தான். இதோடு போகாது: இரண்டு ஆடிகள் கொண்ட தொலைநோக்கியில் இரண்டாம் ஆடியின் உருப்பெருக்கம் 5 என்றால், அது அசையும் தூரத்தைப்போல் 26 மடங்கு குவியம் நகரும்; உருப்பெருக்கத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆக, 2 மைக்ரோமீட்டர் அசைவு 52 ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்றுதான், எஃகைவிடக் கனமான இன்வாரை எடையை எண்ணி எண்ணிக் குறைக்கும் செயற்கைக்கோளில் ஏன் சுமக்கிறார்கள் என்பது விளங்கியது. கார்பன் இழைக் கலப்புப் பொருள் எடையும் குறைவு, விரிவும் பூஜ்யத்தை ஒட்டியது. ஆனால் தரையில் உறிஞ்சிய ஈரத்தை வெற்றிடத்தில் விட்டுச் சுருங்கும்.

ஹபிள் தொலைநோக்கியின் கதையை ஒளியியலாரைவிடக் கட்டமைப்பை வடிவமைக்கும் நாம்தான் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பேன். முதன்மை ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸின் இடைவெளி 1.3 மி.மீ. பிசகியதால், ஆடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரோமீட்டர் தட்டையாகிவிட்டது. 1990-இல் ஏவிய பின் தெரியவந்த அந்தக் குறையை 1993-இல் விண்வெளி வீரர்கள் சென்று சரிசெய்தார்கள்.

பாடநூலில் கிடைக்காத பாடம் ஓர் ஆய்வகத்தில் கிடைத்தது. சிறிய ஆடி ஒன்றை மூன்று இடங்களில் பசையிட்டு ஒட்டினேன். மறுநாள் காலை, பரப்பின் நுண்ணிய வளைவை ஒளி வரிகளாகக் காட்டும் இன்டர்ஃபெரோமீட்டரில் பார்த்தால், முந்தைய நாள் நேராக இருந்த வரிகள் மூன்று இடத்திலும் வளைந்து நின்றன. பசை இறுகும்போது சுருங்கி, ஆடியை இழுத்திருந்தது. ஆடிக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய தகடு போன்ற, வளைந்துகொடுக்கும் பிளெக்சர்கள் ஏன் தேவை என்பதும், ஆடியின் ஆறு இயக்கங்களை (மூன்று திசை நகர்வு, மூன்று அச்சுச் சுழற்சி) ஆறே கட்டுகளால் பிடித்து ஏழாவதைத் தவிர்ப்பது ஏன் என்பதும் அப்போது புரிந்தன. ஆனால் பிளெக்சரை இஷ்டத்துக்கு மெலிதாக்கவும் முடியாது. ஏவுகலத்தின் குலுக்கல் இருக்கிறது. இயல் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ், அதிர்வுப் பெருக்கம் 10, உள்ளீடு ஹெர்ட்ஸுக்கு 0.04 ஜி வர்க்கம் என்று வைத்து குலுக்கலின் சராசரி அளவைத் தரும் மைல்ஸ் சமன்பாட்டைப் போட்டால் ஏறத்தாழ 8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 8 மடங்கு) வரும்; உச்சத்துக்காக மூன்று மடங்கு எடுத்தால் 24 ஜி. தகைவுக் கணக்கு இங்கே திரும்பி வருகிறது.

மென்பொருள் சான்றிதழ்களை நான் பெரிதாக நினைப்பதில்லை. கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை கணிப்பொறியில் ஓடுவதற்கு முன்பே விடை எந்த அளவில் வரும் என்று கையால் போட்டுச் சொல்பவரிடம்தான் நேர்காணலில் பேச்சு நீளும்.

இரண்டாம் நேர்காணலில் கேள்வி வேறு விதமாக வந்தது: தரையில் ஆடி தன் எடையாலேயே தொய்கிறது, சுற்றுப்பாதையில் அந்த எடையை உணராது, அங்கே அதன் வடிவத்தை இங்கிருந்தே எப்படி அறிவாய்? முகம் மேலே பார்க்க ஒருமுறையும் கீழே பார்க்க ஒருமுறையும் ஒரே விதத் தாங்கலில் அளந்து சராசரி எடுத்தால் தொய்வு நீங்கிவிடும் என்றேன். தாங்கிகளைத் திருப்பும்போது உராய்வு மாறினால் என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி வந்தது. அதிலிருந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.