செவ்வாயின் உவர் மண்

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகும் பலநாள் படகுக்கு என்ஜின் பழுதானால் இன்னொரு படகு கட்டி இழுத்து வரும். செவ்வாய்க் கிரகத்தில் இருப்பவருக்கு அது வாய்க்காது. இங்கிருந்து கலம் ஏவ வசதியான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதன்பிறகு பயணமே ஆறேழு மாதம். குடியேறலாமா என்று வாதாடுகிறவர்கள் றொக்கெட்டையே பேசுகிறார்கள். எனக்கு மண்ணும் மூச்சும்தான் பெரிய கேள்வி.

நிலாவெளிப் பக்கம் உவர் ஏறிய தோட்டத்தை மாரி மழை கழுவிவிடும். செவ்வாயில் மாரி இல்லை. 2008இல் நாசாவின் பீனிக்ஸ் கலம் அங்குள்ள மண்ணில் சுமார் அரைச் சதவீதம் பேர்குளோரேட்டு உப்பைக் கண்டது. 100 கிலோ மண்ணுக்கு அரைக் கிலோ. உடம்பில் சேர்ந்தால் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பிக்கு அயடீன் போகவிடாது. தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் கழுவி எடுக்கலாம். ஆனால் பனிக்கட்டியைத் தோண்டி உருக்கி எடுத்த தண்ணீரைக் கழுவியபின் வெளியே ஊற்றிவிட முடியுமா? மறுபடி பாவிக்க அதை உப்பு நீக்கும் ஆர்.ஓ. வடிகட்டியில் விடவேண்டும், அல்லது அந்த உப்பைச் சிதைக்கும் பற்றீரியாக்களை வளர்க்கவேண்டும். கழுவிய பிறகும் அந்த மண்ணில் உக்கிய இலைகுழை துளியும் இராது. ஆகவே முதல் ஆண்டுகளில் மண்ணைத் தொடாமல், ஊட்டம் கரைத்த நீரிலேயே பயிர் வைப்பதுதான் புத்தி. வெளியே போட்ட உடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது; தூசோடு உப்பும் வந்துவிடும்.

மூச்சுக்கு வருவோம். நாசாவின் பேர்சிவியரன்ஸ் ஊர்தியிலிருந்த மொக்சி கருவி, செவ்வாயின் காபனீரொட்சைட்டை 800 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி ஒட்சிசனைப் பிரித்தது. 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடிக் கிடைத்தது 122 கிராம். ஒருவருக்கு நாளுக்கு 840 கிராம் வேண்டும். அந்த 122 கிராம் மூன்றரை மணி நேரத்துக்குத்தான் காணும். அதன் உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். அந்த வேகத்தில் இரவுபகல் ஓடினாலும் ஆளுக்கு மூன்று கருவி. மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகளை மட்டும் நம்பினால், 2018இல் சூரிய மின்சாரத்தில் ஓடிய ஒப்பர்ச்சூனிட்டி ஊர்தியைப் பேச்சற்றதாக்கிய தூசிப்புயல் மாதிரி ஒன்று வந்தாலே மூச்சு நின்றுவிடும்.

மூடிய இடத்தில் மூச்சுக் காற்றைக் காப்பது பூமியிலேயே பிசகியிருக்கிறது. 1991இல் அமெரிக்காவின் அரிசோனாவில், வெளிக்காற்றுப் புகாமல் மூடிய பயோஸ்பியர் 2 கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுக்கு அடைபட்டார்கள். ஒட்சிசன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5 அளவுக்கு இறங்கியது. பசளை மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகி ஒட்சிசனைத் தின்றன. அவை விட்ட காபனீரொட்சைட்டைக் கொங்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் செடிகளுக்கு அதைத் திருப்பி ஒட்சிசனாக்க வழியில்லாமல் போனது. காரணம் பிடிபடவே நெடுநாள் எடுத்தது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஒட்சிசன் ஏற்றினார்கள்.

தண்ணீரில் மட்டும் நம்பிக்கை உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் பாவித்த தண்ணீரில் 98 சதவீதம் மீட்டெடுக்கிறார்கள். பத்துப் பேர் ஆளுக்கு நாளுக்கு நாலு லீற்றர் பாவித்தால், 26 மாதத்தில் இழப்பது 630 லீற்றர் அளவுதான்.

முதலில் பூமியில், காற்றுப் புகாத வீட்டில், 26 மாதம், ஒரு வால்வுகூட வெளியிலிருந்து வாங்காமல் வாழ்ந்து காட்டவேண்டும். அதற்குமுன் பிள்ளைகுட்டியோடு குடியேறச் சொல்வது பிழை. அங்கே ஈர்ப்பு பூமியின் 38 சதவீதம். அந்த ஈர்ப்பில் ஒரு கரு எப்படி வளரும், பிறந்த பிள்ளையின் எலும்பு எப்படி முற்றும் என்று யாரும் இன்னும் பார்த்ததில்லை.